கொல்கத்தாவின் வண்டலும் சட்டமும்

ஊக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த கொல்கத்தா, ஆற்றங்கரையில் உயர்ந்தும் கிழக்கு நோக்கித் தாழ்ந்தும் செல்லும் நிலத்தையுடையது. ஆகவே நகரின் கழிவுநீரும் மழைநீரும் ஊக்ளியை நோக்கியன்றி, கிழக்கேயிருந்த உப்பு ஏரிகளுக்கும் வித்யாதரி ஆற்றுக்குமே சென்றன. நகரின் மண்சார்ந்த விதிகளது வரலாற்றை இந்நிலச்சரிவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

வித்யாதரி கடலோதம் ஏறி இறங்கும் ஆறு. ஓதம் ஏறுங்கால் வண்டல் கலந்த நீர் உப்பு ஏரிகளிற் பரவும். இறங்குங்கால் அந்நீர் விசையுடன் திரும்பி ஆற்றுப்படுகையை அரித்துத் தூய்மை செய்யும். பரவும் இடத்தைக் கரைகட்டிச் சுருக்கினால், நிலத்தில் படியவேண்டிய வண்டல் ஆற்றிலேயே படியும். நிகழ்ந்ததும் அதுவே. மீன்வளர்ப்புக்கும் பயிருக்குமெனக் கரைகள் எழுந்தன, கால்வாய்கள் வெட்டப்பட்டன, கழிவுநீரும் சேர்ந்தது. 1928ஆம் ஆண்டு வித்யாதரி வடிகாலுக்குப் பயன்படாத இறந்த ஆறென அரசால் அறிவிக்கப்பட்டது. பின்னர் பொறியாளர் பீரேந்திரநாத் டே வகுத்த திட்டத்தின்படி கழிவுநீர் குல்டி ஆற்றுக்குத் திருப்பப்பட்டது; அப்பணி 1943இல் நிறைவுற்றது.

இக்காலத்தில் சட்டமே இல்லாதிருந்தது என்பது பொருளன்று. 1882ஆம் ஆண்டு வங்காளக் கரைச் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் ஆட்சியரின் இசைவின்றிக் கரை எழுப்புதலைத் தடுக்க வழிவகுத்தது. எனினும் அதன் நாட்டம் கரைமீதும் வெள்ளத்தின்மீதுமே நின்றது. கரையால் இடம்பெயரும் வண்டல் அதன் கணக்கில் வரவில்லை. தமிழக ஏரிப்பாசன மரபு இவ்விடத்தில் ஒப்புநோக்கத் தக்கது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் தேர்ந்த ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. ஏரி வண்டல் உழவனின் வயலுக்கு உரமாயிற்று. எனவே அதனை அள்ளுவோரும் இருந்தனர். வித்யாதரியின் வண்டலுக்கோ அத்தகைய உரிமையாளர் எவருமில்லை.

வண்டலுக்கு விலை வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. 1962 ஏப்ரல் 16 அன்று முதலமைச்சர் விதான் சந்திர ராய் உப்பு ஏரி நிரப்பும் பணியைத் தொடங்கிவைத்தார். ஊக்ளியின் படுகையில் வாரிய மணலும் வண்டலும் நீரோடு கலக்கப்பட்டு, குழாய்கள் வழியே ஏரிக்குச் செலுத்தப்பட்டன. யூகோசுலாவிய நிறுவனமொன்று அப்பணியைச் செய்தது. துறைமுகத்தை அடைத்துவந்த வண்டலே, ஒருகாலத்தில் வித்யாதரியை உயிர்ப்பித்த ஏரியைப் புதைத்தது. பேரி எனப்படும் மீன்பண்ணைகள் இருந்த இடத்தில் விதான்நகர் எழுந்தது. வாழ்விழந்த மீனவர்களைப் பற்றி நகரமைப்பு நூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை.

மறுசிந்தனை நீதிமன்றத்தின் வழியே வந்தது. எஞ்சிய ஈரநிலத்தில் உலக வணிக மையம் அமைக்கும் முயற்சியை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 1992 செப்டம்பர் 24 அன்று நீதிபதி உமேசு சந்திர பானர்ஜி ஈரநிலத்தை மேலும் நிரப்புவதற்குத் தடைவிதித்தார். மறு ஆண்டு, 1984ஆம் ஆண்டு மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் 17அ பிரிவு சேர்க்கப்பட்டது. 5 கட்டா அல்லது 0.035 ஹெக்டேர் அளவும் அதற்கு மேலுமுள்ள நீர்நிலையை நிரப்பலாகாது. அவ்வளவுக்குக் குறையுமாறு துண்டாடவும் கூடாது. இப்பின்விதியை நோக்கின், சட்டமியற்றியோர் மனைவணிகரின் சூழ்ச்சியை நன்கறிந்திருந்தனர் எனலாம். 2002இல் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களுக்கெனத் தனிச்சட்டம் வந்தது.

இவையனைத்தும் நிலத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் அளப்பன. தோண்டிய மனையிலிருந்து ஆடிமழையில் கரைந்து தெருச்சாக்கடையிற் சேரும் மண் இவற்றின் அளவுகோலுக்கு எட்டாதது. 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகளிலேயே மண் தனியே பிரித்துவைக்கவேண்டிய வகைகளுள் ஒன்றாகச் சுட்டப்பெற்றது. கொட்டிய பொருளால் வடிகால் அடைபடாமற் காக்கும் பொறுப்பும் கட்டுவோர்மீது வைக்கப்பட்டது. அவ்விதிகளிலும் மண்ணின் பெயர் கழிவு என்பதே.