கதவும் திறவுகோலும்

பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913-ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகம் புகுந்தார். உதவிக் காலம் முடிவுற்றதால் 1917-இல் இலண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பினார்; 1920-இல் மீண்டும் சென்று 1923-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பள்ளியில் அவருக்கு மறுக்கப்பட்ட சமஸ்கிருதத்தையோ பின்னாளில் தம் முயற்சியாலேயே கற்றார். திறந்த கதவில் நுழைந்தார். மூடிய கதவுக்குத் தாமே திறவுகோல் செய்தார்.

நல்லூர் இளைஞர் முன் இன்று அதே வினா நிற்கிறது. பெருநிறுவனங்களின் கணக்கு, கொள்முதல், இருப்பு, சம்பளம் யாவற்றையும் ஒருங்கே நடத்தும் மென்பொருளைப் பயிற்சி நிலையத்தில் கற்பதா, தாமே கற்பதா?

1972-இல் ஜெர்மனியில் ஐவர் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருள் உரிமம் நிறுவனங்கட்கு விற்கப்படுவது. நூலை மட்டும் படித்தவர் அதைக் கையாண்டு பழகுதல் எளிதன்று. மும்பையில் தோன்றிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட் மென்பொருளின் மூல நிரலோ எவர்க்கும் இலவசம். சென்னையின் சோஹோ நிறுவனம் பட்டமில்லா மாணவரையும் உதவித்தொகை அளித்துப் பயிற்றி வேலைக்கு அமர்த்தியது.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலைக் காண்மின்! அச்சில் வார்க்கக் கைப்பழக்கம் போதும். மேற்பூச்சின் வேதியியலுக்கு ஆசான் வேண்டும்.

ஆதலின், கணக்கியலையும் தரவுத்தள அடிப்படையையும் முதலில் இலவச மென்பொருளில் தாமே பயில்க. அதன்பின், கணினியில் நேரடிப் பழக்கம் தரும் நிலையத்தை விசாரித்துச் சேர்க. தாயின் நகையை அடகு வைத்து வெறும் சான்றிதழ் வாங்குதல் கல்வியாகாது.