வெப்பமாகும் மலையுச்சி: வரையாட்டின் வாழிட வரலாறு

புவி வெப்பமயமாதலால் காட்டுயிர்களுக்கு நேரும் இடர் பெரும்பாலும் வெப்பநிலை அளவுகளைக் கொண்டே பேசப்படுகிறது. ஆயின், ஒரே அளவு வெப்ப உயர்வு எல்லா உயிர்களுக்கும் ஒரே அளவு இடராவதில்லை. அவை வாழும் நிலத்திற்கு அதற்குமுன் என்ன நேர்ந்தது என்பதும் அவ்விடரின் அளவைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாட்டை முன்வைத்து இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாடு, கேரளப் பகுதிகளில் மட்டுமே வாழும் இவ்விலங்கிற்குப் பெரும்பாலும் 1200 மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிகளும் பாறைச் சரிவுகளுமே வாழிடம். சங்க இலக்கியம் சுட்டும் ‘வருடை’ இதுவே என்பர். பட்டினப்பாலையில், புகாரின் பண்டகசாலை முற்றத்தில் மூடைக் குவியல்மேல் ஏறித் துள்ளும் நாய்க்கும் ஆட்டுக்கடாவுக்கும் மலைச்சாரல் வருடை உவமையாகிறது. கடற்கரைப் பட்டினத்தைப் பாடிய புலவர்க்கு இவ்வுவமை எளிதில் வாய்த்திருப்பது கருதத்தக்கது.

இம்மலைப் புல்வெளிகள் காடழிந்து தோன்றியவை என்னும் கருத்து நெடுங்காலம் வழங்கியது. நீலகிரிச் சதுப்புகளின் கரிமப் படிவுகளை ஐசோடோப்பு முறையில் ஆராய்ந்து ஆர். சுகுமார் உள்ளிட்டோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு சித்திரத்தைத் தருகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வறண்ட பனியூழிக் காலத்திலேயே, இங்குப் புல்லினங்கள் மேலோங்கியிருந்தன. பின்னர்ப் பருவமழை வலுத்தும் தளர்ந்தும் மாறியதற்கேற்பத் தாவரங்களும் மாறின. எனவே வரையாட்டின் மூதாதையர் தட்பவெப்ப மாற்றத்தை முன்பே கண்டவர்கள் எனக் கொள்ளலாம். அம்மாற்றங்கள் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல நிகழ்ந்தன. ஒதுங்கிச் செல்லச் சரிவுகளும் இருந்தன.

அச்சரிவுகள் அடைபட்ட கதை 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தபின் ஆங்கிலேயர் குடியேற்றம் வளர்ந்தது. அவர்கள் வரையாட்டை ‘ஐபெக்ஸ்’ என அழைத்து வேட்டையாடினர். 1879இல் நீலகிரிக்கெனத் தனி வேட்டைச் சட்டமே இயற்றப்பட்டது. வேட்டையைப் பற்றி எழுதப்பட்ட அளவிற்குப் புல்வெளி இழப்பைப் பற்றி எழுதப்படவில்லை. நிலைத்த கேடு விளைந்ததோ பின்னதால்தான். வருவாய் நோக்கில் புல்வெளி வெறும் தரிசு. அதில் தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் ஏறின. விடுதலைக்குப் பின்னரும் இப்பார்வை மாறவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டிழை ஆலைக்குத் தைலமரக் கூழும் தேவைப்பட்டன. நீர்மின் திட்டங்களின் அணைகள் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன. 1973க்குப் பிந்தைய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிகளில் ஏறத்தாழ 23 விழுக்காடு அயல் மரங்களுக்கு இடமாகிவிட்டது என்கிறது.

வெப்ப உயர்வு இந்த நிலத்தின்மீதுதான் இன்று வந்து கவிகிறது. சோலை மர நாற்றுகள் புல்வெளிக்குள் பரவாமல் தடுப்பது குளிர்கால இரவின் உறைபனி. சீகை நாற்றுகளோ உறைபனியைத் தாங்கி வளர்கின்றன என்று அண்மைக் களச்சோதனைகள் காட்டுகின்றன. இரவுகள் வெதுவெதுப்பாக, அந்த இயற்கைக் காவலும் தளர்கிறது. ஒருகாலத்தில் நட்ட மரம் இனி நடாமலே பரவும். வரையாடு மேலேறித் தப்பலாம் என்றால், அது வாழ்வதே உச்சியில்தான். 2030களிலிருந்து அதன் வாழிடத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு தகுதியிழக்கக்கூடும் என 2018இல் வெளிவந்த மாதிரிக் கணிப்பு ஒன்று கூறியது.

வெப்பமயமாதலுக்கு மரம் நடுதலே மருந்து என்னும் பொதுக்கூற்று இங்குப் பொருந்தாமை வெளிப்படை. புல்வெளியில் நடப்படும் மரம், பழைய ‘தரிசு’ப் பார்வையின் தொடர்ச்சியே.

தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்த வரையாடு பாதுகாப்புத் திட்டத்தில் கணக்கெடுப்புடன் புல்வெளி மீட்பும் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1031, 2025இல் 1303 வரையாடுகள் பதிவாயின. இவ்வுயர்வை விலங்கின் பெருக்கமாக மட்டும் கொள்ளாமல், கணக்கெடுப்பு விரிந்ததையும் சேர்த்து மதிப்பிட வேண்டும். எந்தச் சரிவில் மரம் அகற்றிப் புல்லை மீட்பது என்னும் கேள்விக்கு விடை தேட, காலனியக் கால நில அளவை வரைபடங்களும் வனத்துறையின் பழைய செயல்திட்ட ஏடுகளும் உதவும். அவற்றில் ‘தரிசு’ எனக் குறிக்கப்பட்ட இடங்களிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.