புரோக்கர் இல்லாம வீட்டை விற்கணுமா? எத்தனை மாசம் ஆகும்... ஒரு ஸ்டெப் பை ஸ்டெப் கணக்கு!

'60 லட்ச ரூபாய் வீடு. 2% கமிஷன்னா 1.20 லட்சம் போயிடும். அதை எதுக்குக் கொடுக்கணும்? நாமளே ஆன்லைன்ல போட்டு வித்துடலாம்!' வீட்டை விற்கலாம் என்று முடிவெடுக்கும் பல குடும்பங்களில் இந்தப் பேச்சு வரும். அடுத்த நிமிடமே, போனும் கையுமாக இருக்கும் உங்க தலையில்தான் அந்த வேலை வந்து விழும்.

நல்ல முடிவுதான். ஆனா, 'எத்தனை நாளில் பணம் கைக்கு வரும்?' என்பது தெரியாமல் இறங்கினால், மிச்சம் பிடித்த கமிஷனைவிடப் பெரிய தொகையை இழக்க வேண்டியிருக்கும். காலேஜ் ஃபீஸ், ஆபரேஷன், கடன் என்று ஏதோ ஒரு தேதி நெருங்கும்போதுதான், வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிடுவோம்.

பேப்பர்கள் பக்காவாக இருந்து, விலையும் நியாயமாக இருந்தால், மூன்று முதல் ஆறு மாதங்கள் என்று திட்டமிடுங்க. பேப்பரில் சிக்கல் இருந்தால் ஒரு வருடம்கூட இழுக்கும். புரோக்கர் இருந்தால் ஆள் தேடும் நேரம்தான் குறையும். பேப்பர் வேலைக்கான நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான்!

முதல் மாதம்: பீரோவைத் திறங்க!

விளம்பரம் போடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, பீரோவில் இருக்கும் ஃபைலை எடுத்துப் பார்ப்பது. அசல் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், பட்டா, பிளான் அப்ரூவல், சொத்து வரி ரசீது எல்லாம் இருக்கிறதா? வில்லங்கச் சான்றை (ஈ.சி) பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். வாங்குபவரின் பேங்க் வழக்கமாக 30 வருட வில்லங்கம் கேட்கும்.

இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம்.

* வீடு அப்பா பெயரில், அப்பா இப்போது இல்லை: உயில் எழுதாமல் இறந்த இந்துக் குடும்பம் என்றால் அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், அவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. 'அக்காவைக் கட்டிக் கொடுத்தாச்சே' என்பதெல்லாம் செல்லாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கணும், எல்லோரும் கையெழுத்துப் போடணும். வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்து பவர் எழுதி அனுப்பினால், அது இந்தியா வந்து மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை கட்டணும்.

* ஹோம் லோன்: லோனை முழுசாக அடைத்த 30 நாள்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பேங்க் தரப்பில் தாமதமானால், ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் இது அமலில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது, கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்யணும். இல்லையென்றால் ஈ.சி-யில் அந்தக் கடன் அப்படியே நிற்கும்.

* பெயர்க் குழப்பம்: பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு இனிஷியல், பட்டாவில் பழைய ஓனர். சின்ன விஷயம் மாதிரி தெரியும். சரிசெய்ய வாரக்கணக்கில் அலைய வைக்கும்.

இரண்டு, மூன்றாவது மாதம்: போன் அடிக்கும்... வருபவர்கள் வாங்குவார்களா?

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்களில் போட்டதும் போன் வரும். 'பார்ட்டி ரெடியா இருக்கு சார்' என்று புரோக்கர்களும் பேசுவார்கள். வாசலில் மாட்டும் போர்டையும் லேசாக நினைக்காதீங்க. அதே தெருவில் வாடகைக்கு இருப்பவரோ, பக்கத்துத் தெரு அங்கிளின் மாப்பிள்ளையோகூட வாங்கலாம்.

வருகிறவரிடம் முதலில், 'லோனா, சொந்தப் பணமா?' என்று கேளுங்க. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு பேங்க் அதிகபட்சம் 80%, அதாவது 48 லட்சம்தான் தரும். மீதி 12 லட்சத்தை அவர் கையிலிருந்து போடணும். அதோடு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என 5.40 லட்சம். ஆக, 17.40 லட்சம் கையில் இருப்பவர்தான் உண்மையில் வாங்கக்கூடியவர். இதை முன்னாடியே பேசிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டையே பார்க்காமல், 'அட்வான்ஸ் அனுப்புறேன், க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க' என்று யாராவது சொன்னால் உடனே கட் பண்ணுங்க. நமக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ பின் போடவே தேவையில்லை!

இரண்டு மாதமாகியும் யாரும் இரண்டாவது முறை வந்து பார்க்கவில்லையா? விலையைத் திரும்ப யோசிங்க. நீங்க கேட்கும் விலையை, அதே ஏரியாவில் சமீபத்தில் முடிந்த விலையோடு ஒப்பிடுங்க. மற்ற விளம்பரங்களில் இருப்பது கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல.

நான்காவது மாதம்: அட்வான்ஸ்... அவசரம் வேண்டாம்!

விலை பேசி முடிந்ததும் அக்ரிமென்ட். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம். எத்தனை மாதத்துக்குள் கிரயம், தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கணும். அக்ரிமென்ட் போட்ட பிறகு வேறொருவர் அதிக விலை தருகிறார் என்று மாறினால், முதலாமவர் கோர்ட்டுக்குப் போகலாம். கேஸ் முடியும்வரை வீடு விற்பதே கஷ்டம்.

20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதீங்க. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஐந்தாவது மாதம்: பேங்க், பதிவு

வாங்குபவர் லோன் போட்டால் வக்கீலின் லீகல் ஒப்பீனியன், இன்ஜினீயரின் மதிப்பீடு என்று சில வாரங்கள் போகும். முதல் மாதம் நீங்க தயாராக்கிய ஃபைல்தான் இங்கே நாள்களைக் குறைக்கும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1% டி.டி.எஸ் பிடித்துக்கொண்டுதான் தருவார். 60 லட்சத்துக்கு 60,000 ரூபாய். கணக்கு தாக்கல் செய்யும்போது உங்க வரியில் அது கழியும்.

காலண்டரையும் பாருங்க. ஆடியிலும் மார்கழியிலும் பலர் கிரயம் செய்ய மாட்டார்கள். முகூர்த்த நாள்களில் பதிவு அலுவலகத்தில் கூட்டம் அள்ளும், டோக்கன் கிடைப்பதே கஷ்டம். ஆனியில் பேச்சு முடிந்தாலும் கிரயம் ஆவணிக்குப் போகலாம்.

எப்போ ஆரம்பிக்கணும்?

பணம் தேவைப்படும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்க. ஜூனில் தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும் என்றால், நவம்பரில் விளம்பரம் போடணும், செப்டம்பரில் பீரோவைத் திறக்கணும். அவ்வளவு அவகாசம் இல்லையா? நல்ல புரோக்கர் ஒருவரைக் கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கமிஷன் எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் வாங்கிடுங்க.

எந்த வழியில் விற்றாலும், வீடு பார்க்க வருபவரிடம் உங்க அவசரத்தை மட்டும் சொல்லாதீங்க. அது தெரிந்த நொடியே விலை இறங்க ஆரம்பித்துவிடும்!