முட்டைச் சட்டி: காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

எழுதப்பட்ட தமிழ்ச் சமையலில் முட்டைக்குப் பிரதி கிடையாது என்றே சொல்லிவிடலாம். 1951-இல் வெளிவந்து, கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பெட்டியில் சேலைகளோடு சேர்ந்துபோன எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' ஒரு முட்டையையும் உடைப்பதில்லை. அது அந்த நூலின் குற்றமல்ல. ஒரு சாதியின் அடுக்களையை அது எழுதியது. அதை மறைக்கவும் இல்லை. (அதைத் 'தமிழர் சமையல்' என்று பொதுவாக்கிக்கொண்டவர்கள் வாசித்தவர்கள்.) ஆனால் மற்ற அடுக்களைகளும் முட்டையை எழுதவில்லை. 'முட்டப் பொடிமாசுக்கு எதுக்குப் புக்கு?' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எளிய பண்டத்துக்கு வரலாறு இருக்காது என்பது நம்முடைய பொதுப்புத்தி. இந்தக் கட்டுரை அதோடுதான் மல்லுக்கட்டுகிறது. முட்டை நம் வீடுகளில் எளிய பண்டமாக இருந்ததே இல்லை. அது எளிமையாக்கப்பட்டது, அதுவும் கடந்த ஐம்பது வருஷத்துக்குள்.

வீராணம் ஏரிக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் மாடு ஆம்பளை சொத்து, கோழி பொம்பளை சொத்து. நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். வருஷத்துக்கு மூன்று, நான்கு ஈடு. இட்டதையெல்லாம் ஆம்லெட் போட்டுத் தின்றுவிட்டால் அடுத்த வருஷம் கோழியே இருக்காது. ஆகவே முட்டை அடைக்குப் போனது. இருபத்தொரு நாள். அடைக்கு வைக்காதது பெட்டிக்கடைக்குப் போய் சீயக்காயாகவும் வெற்றிலை பாக்காகவும் திரும்பி வந்தது. வீட்டு ஆண்பிள்ளைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிராத ஒரே பணம் அது. முட்டையைத் தின்பது முதலைத் தின்பது. பொரிக்காமல் போனதுதான் 'கூமுட்டை'. இன்றைக்கு வகுப்பறையில் மக்குப் பையனைத் திட்டப் பயன்படும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் நஷ்டக் கணக்கு இருக்கிறது. லெவிஸ்த்ராஸ் பச்சை, சமைத்தது, அழுகியது என்று முக்கோணம் போட்டாரே, அதில் நாலாவதாக ஒரு மூலை நம்மிடம் உண்டு: பொரிக்கப்போவது.

அப்போதும் முட்டை தின்னப்பட்டதுதான். யாரால், எப்போது என்பதில் விதி இருந்தது. வயசுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக வாயில் உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெய் ஒரு கரண்டி. இடுப்புக்குப் பலம். அதாவது பெண்ணுடல் முழு முட்டைக்கு அருகதையாவது அது பிள்ளை பெறப்போகும் உடல் ஆகும் அந்தச் சில நாட்களில் மட்டும். மற்ற நாட்களில் அவள் முட்டையைப் பொறுக்குபவள், எண்ணுபவள், விற்பவள்.

முட்டைக்குள்ளும் படிநிலை உண்டு. அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் ஊர் ஊராக வந்து தங்கும் பகுதி இது. வாத்து முட்டை பெரிசு, விலை மலிவு. ஆனாலும் 'கவிச்சி' என்று முகத்தைச் சுளிப்பார்கள். நாட்டு முட்டை மருந்து, வாத்து முட்டை இழிவு. இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாக வந்து உட்கார்ந்தது 'லக்கான் கோழி' முட்டை.

லெகார்ன் என்பதைத்தான் நம் ஜனங்கள் லக்கான் ஆக்கினார்கள். இத்தாலியத் துறைமுகம் ஒன்றின் பேரைச் சுமந்துகொண்டு அமெரிக்கா போய் வளர்க்கப்பட்ட இனம். இன்று அதன் வழிவந்த பண்ணைக்கோழி வருஷத்துக்கு முந்நூறு முட்டைக்குமேல் இடுகிறது. சேவலே பார்க்காத கோழி, ஆதலால் பொரிக்கவே பொரிக்காத முட்டை. முட்டையை முதலிலிருந்து பண்டமாகப் பிரித்தது இந்த மலட்டுத்தன்மைதான். 1942-இல் சிறையிலிருந்து எழுதிய உடல்நலம் பற்றிய சிறுநூலிலேயே காந்தி, பால் குடிப்பவர் உயிரில்லாத முட்டையை மறுக்கக் காரணமில்லை என்று வாதிட்டிருக்கிறார். பின்னாளில் 'சைவ முட்டை' என்று பேசியவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. 1982-இல் பி.வி. ராவ் முன்கையில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. நாமக்கல்லில் இன்று என்ன விலை என்று பேப்பரில் பார்க்கும் பழக்கம் அந்த ஏற்பாட்டிலிருந்து வந்தது. அடைக்கோழிக்காரியின் கையிலிருந்த விலை அங்கே போய்ச் சேர்ந்தது. இதை 'வளர்ச்சி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

அதே 1982, ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் முட்டை கிடையாது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1998-இல் வாரம் ஒன்று. 2006-இல் இரண்டு, அடுத்த வருஷம் மூன்று. 2010-இல் பள்ளி நாள் ஐந்துக்கும் ஐந்து. நாமக்கல் பண்ணைக்கு இது சந்தை என்பதும் உண்மை, பிள்ளைக்குப் புரதம் என்பதும் உண்மை. ஆனால் நாம் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது: அது அவித்த முட்டை.

வீட்டில் முட்டை எந்த வடிவம் எடுக்கும் என்பதைத் தீர்மானிப்பது ருசி அல்ல, வகுத்தல் கணக்கு. முட்டை நாலு, ஆள் எட்டு என்றால் அவிக்க முடியாது. நூலை இறுக்கிப் பிடித்துப் பாதியாக அறுக்கலாம்; கத்தி என்றால் கரு ஒட்டிக்கொள்ளும், நூலென்றால் சுத்தமாக வரும். அதற்கும் போதாதென்றால் வெங்காயத்தை ரெண்டு மடங்கு அரிந்து, பச்சை மிளகாய் கிள்ளி, மஞ்சள்தூள் போட்டுப் பொடிமாஸ். இன்னும் கூட்டம் கூடினால் குழம்பு: புளியும் தக்காளியும் கொதித்துக் கெட்டியாகும்போது தீயைத் தணித்து, முட்டையை அடித்து நூல்போல ஊற்றி, கரண்டி போடாமல் மூடிவிட வேண்டும். மேகம் மேகமாகத் திரண்டு வரும். ஊற்றுகிற கரண்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணுக்கு. கையில் தாராளம் இருக்கிற நாளில்தான் முட்டையை உடைத்து ஒவ்வொன்றாகக் குழம்பில் விடுவது. அப்போது ஆளுக்கொன்று என்று கண்ணுக்குத் தெரியும்.

பொடிமாசையும் அடித்து ஊற்றிய குழம்பையும் எண்ண முடியாது. எண்ண முடியாத இடத்தில் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் தெரியாது. அப்பாவுக்கு ஒரு குவியல், அண்ணனுக்கு ஒரு குவியல், சட்டியில் ஒட்டியிருப்பதில் சோறு போட்டுப் பிசைந்து அம்மா. 'எனக்குச் சட்டிச்சோறுதான் புடிக்கும்' என்று அவள் சொல்வதை நாமும் அவளுடைய ருசி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அரசால் பொடிமாஸ் போட முடியாது. அதற்குப் பதிவேடு வேண்டும், இருப்பு வேண்டும், தணிக்கை வேண்டும், ஓட்டின்மேல் முத்திரை வேண்டும். எண்ணக்கூடிய முட்டையைத்தான் அதிகாரத்தால் கொடுக்க முடியும். பூக்கோ படித்த நண்பர்கள் உடனே கண்காணிப்பு என்பார்கள், சரிதான். ஆனால் அந்தக் கண்காணிப்பின் விளைவாகத்தான் நம் கிராமத்துப் பெண்குழந்தை முதன்முறையாக ஒரு முழு முட்டைக்குப் பேர் பதிந்தாள், பக்கத்தில் உட்கார்ந்த பையனுக்குச் சமமாக. காலனிப் பிள்ளைக்கும் அதே ஒன்று. 2013-இல் சத்துணவில் கலவை சாதங்களோடு மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று வகை கூட்டியபோதும் முட்டை முழுசாகவே இருந்தது. என் காலத்தில் வாரம் ஒன்று. அதைத் தின்னாமல் டவுசர் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. வீட்டில் நூல் காத்திருந்தது.

முட்டைமேல் இவ்வளவு கோபம் வேறு மாநிலங்களில் ஏன் என்பதும் இங்கே புரியும். 2015-இல் மத்தியப் பிரதேச அரசு அங்கன்வாடியில் முட்டையை மறுத்தது. 2021 டிசம்பரில் கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களில் பள்ளியில் முட்டை கொடுக்கத் தொடங்கியதும் மடாதிபதிகள் எதிர்த்தார்கள். சைவம் என்பது அங்கே ருசியின் பேரல்ல.

நம்முடைய ஊர் மட்டும் யோக்கியமா? காட்டுமன்னார்கோயில் நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த ஊர். நாலாயிரத்தைத் தொகுத்தவரின் ஊர். எல். இளையபெருமாளின் ஊரும் அதுதான். பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனித் தண்ணீர்ப் பானையை மாணவராக இருந்தபோதே அவர் உடைத்தார் என்ற சேதியை இந்தப் பக்கத்தில் சொல்லக் கேட்கலாம். 1965-இல் தீண்டாமை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி 1969-இல் அறிக்கை கொடுத்தவர் அவர். பானையில் தொடங்கி அறிக்கைவரை போன ஒரு வாழ்க்கை. ஆனால் பானை உடைந்த இடத்தில் சட்டி வந்தது. 2018-இல் அவிநாசி பக்கத்துப் பள்ளி ஒன்றில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். 2023-இல் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் காலை உணவுத் திட்டத்தில் அதுவே நடந்தது. பண்டத்தைத் தடுக்க முடியாதபோது கையைத் தடுக்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டிக்கு வருகிறேன். நாங்கள் கறி தின்கிற சாதிதான். இருந்தும் முட்டைக்குத் தனிச்சட்டி. வெள்ளி, செவ்வாய் அது பரணிலிருந்து இறங்காது. கிருத்திகைக்கும் அப்படியே. அடுப்பு மண்ணெண்ணெய் ஸ்டவ், இடம் தோட்டத்துத் தாழ்வாரம். கறிக்கு அம்மி வேண்டும், மீனுக்குச் சாம்பல் வேண்டும், முட்டைக்கு ஐந்து நிமிஷமும் ஒரு கை வெங்காயமும் போதும். திடீரென்று ஆள் வந்தால் முட்டைதான். தோழமைக்கு நம் வீடுகளில் கிடைத்த முதல் பண்டம் ஆம்லெட் என்றுகூடச் சொல்வேன். இயக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி பத்து மணிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் வாணலியில் என்ன சத்தம் கேட்கும் என்று.

கல்லூரிப் படிப்பின்போது காலனியிலிருந்து நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஆயா அவனைப் பார்த்ததும், 'வா தம்பி, உக்காரு, ரெண்டு முட்ட ஒடச்சி ஊத்தித் தரேன்' என்றாள். எனக்கு ஒரு முட்டை, அவனுக்கு ரெண்டு. எனக்குச் சில்வர் தட்டு. அவனுக்கு, தோட்டத்தில் ஏடு அறுத்துக் கழுவி, வாழை இலை. விருந்தாளிக்கு இலை போடுவது எங்கள் பக்கத்து மரியாதை. தின்றபின் தூக்கிப் போட்டுவிடலாம் என்பதும் இலையின் குணம். அவள் எதை நினைத்து அறுத்தாள்? அவள் அன்பானவள் என்று எனக்குத் தெரியும். அன்பும் தீட்டும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. 'ஆயா, உப்பு சரியா இருக்கு' என்றான். தின்று முடித்து இலையை அவனே எடுத்தான். ஆயா தடுக்கவில்லை. நானும்.

சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி பற்றிய சண்டை 1924-25-இல். சேர்ந்து தின்பதால் மட்டும் சாதி போய்விடாது, அகமணம் உடையவேண்டும் என்று அம்பேத்கர் எழுதியது 1936-இல். இதையெல்லாம் எம்.ஏ. வகுப்பிலும் வெளியிலும் படித்திருந்தேன். படித்ததெல்லாம் இலையை யார் எடுப்பது என்ற இடத்தில் எனக்கு உதவவில்லை. 'எங்க வீட்ல அவன் சாப்டுருக்கான்' என்று எத்தனை கூட்டங்களில் நம்மவர்கள் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர்கள் வீட்டுச் சட்டியில் நாம் எத்தனை தடவை தின்றோம், நம் வீட்டுச் சட்டியை அவர்கள் எத்தனை தடவை கையில் எடுத்தார்கள் என்கிற கணக்கை யாரும் சொல்வதில்லை.

பிறகொரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வேலைக்குப் போயிருந்தார்கள். அவனே கடைக்கு ஓடி நாலு முட்டை வாங்கி வந்தான். பழசா புதுசா என்று தண்ணீரில் போட்டுப் பார்த்தான். மூன்று அடியில் கிடந்தது, ஒன்று தலையைத் தூக்கியது. அதை ஒதுக்கி வைத்தான். குழம்பு கொதிக்கிறபோது மூன்றையும் அடிக்காமல் முழுசாக உடைத்து விட்டான். எனக்கொன்று, அவனுக்கொன்று, மூடிபோட்டு அம்மாவுக்கொன்று. இரண்டு தட்டும் ஒரே மாதிரி அலுமினியத் தட்டு. சாப்பிட்டு முடித்ததும் என் தட்டை நான் கழுவப் போனேன். 'குடு இங்க' என்று பிடுங்கிக்கொண்டான். அவனிடம் அதை நான் விட்டுக்கொடுத்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.