கச்சான் காற்றும் கந்தளாய்க் குளமும்

திருகோணமலையின் கோடை வெம்மை ஓரளவு முந்திய மாரியிலேயே முடிவாகிவிடுகின்றது எனலாம்.

வைகாசி முதற் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவிற் பொழிந்துவிட்டு, கீழ்த்திசையில் இறங்குங்கால் அமுக்கமுற்று வெப்பமும் வறட்சியும் மிகப்பெறுகின்றது. இதனையே மக்கள் கச்சான் என்பர். நிலம் ஈரமாயிருப்பின் ஞாயிற்றின் வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிற் செலவாகும். உலர்ந்த நிலத்திலோ அது காற்றையே சூடாக்கும்.

அவ்வீரத்தைத் தருவது ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மாரிமழை. அதனைக் கோடைக்குக் காத்துவைப்பன குளங்கள். கச்சான் வரும் வழியில் அமைந்த கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் பணியென்கின்றது கோணேசர் கல்வெட்டு. சூளவம்சமோ ஏழாம் நூற்றாண்டினனான இரண்டாம் அக்கபோதிக்கு உரியதாக்குகின்றது. கட்டியவர் எவராயினும், நெல்லுக்கெனத் தேக்கிய நீர் வெம்மையையும் ஓரளவு தணித்தது.

2016ஆம் ஆண்டின் இறுதியில் மாரி பொய்த்தது. இலங்கை பல பத்தாண்டுகளிற் கண்டிராத வறட்சி 2017இலும் தொடர்ந்தது. புவி வெப்பமுறுந்தோறும் காற்று நிலத்தின் நீரை மேலும் விரைந்து கவரும். ஆதலின் அத்தகைய பொய்ப்பு இனி முன்னையினும் கொடிதாகும். குளம் தூர்தல் உழவர்க்கு மட்டும் உரிய இழப்பன்று. துறைமுகத்தில் வெயிலில் உழைப்போரின் உயிர்க்காப்பும் அதனோடு குன்றும்.