ஆட்டோ கியர் எண்ணெய் ஒழுகுகிறதா? போல்ட்டை முறுக்கும் முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

காலையில் காரை வெளியே எடுத்த பிறகு போர்ச் தரையில் சிவப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. உள்ளங்கை அளவுதானே என்று அதன்மேல் ஓர் அட்டையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களே அதிகம். 1993-இல் வந்த புரோட்டோன் வீரா, 1994-இல் வந்த கஞ்சில், 2005-இல் வந்த முதல் மைவி எல்லாம் தோட்டப்புறங்களிலும் தாமான்களிலும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இத்தனை ஆண்டு வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் இருந்த ரப்பர் சீல்கள் இறுகிப் போயிருக்கும். ஒழுகுவதில் வியப்பில்லை.

ஆனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆட்டோ கியரில் எண்ணெய் வெறும் வழுவழுப்புக்காக இல்லை. அதன் அழுத்தத்தில்தான் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் பிடிக்கின்றன. எண்ணெய் குறைந்தால் தட்டுகள் வழுக்கும், சூடேறும், கருகும். ஒரு கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய வேலை, கியர் பெட்டியை இறக்கிப் பிரிக்கும் பெரிய செலவாக மாறுவது இப்படித்தான். ஒரே காரை நம்பி வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் குடும்பத்திற்குச் செலவோடு கார் இல்லாத நாட்களும் சேர்ந்து வரும்.

ஒழுகுவது எது?

புதிய கியர் எண்ணெய் சிவப்பாக இருக்கும். பழையது பழுப்பாகிவிடும், அப்போது இன்ஜின் எண்ணெயோடு குழப்பம் வரும். விரலில் தொட்டு வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். இன்னொரு குழப்பமும் உண்டு. பல பழைய கார்களில் பவர் ஸ்டியரிங்குக்கும் இதே வகை எண்ணெய்தான். ஸ்டியரிங் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் கியர் பெட்டிமேல் பழி போடாதீர்கள். ஏர்கோன் தண்ணீரைப் பார்த்துப் பதறிப் பட்டறைக்கு ஓடியவர்களும் நம்மில் இருக்கிறார்கள்!

அடுத்து, எண்ணெய் சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றல்ல. கார் ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், பிறகு அது தாழ்வான மூலைக்கு வந்து சொட்டும். அதனால் அடியில் ஈரமான போல்ட்டைக் கண்டதும் அதை முறுக்குவது வீண் வேலை. கியர் பெட்டியின் வெளிப்பக்கத்தை டிகிரீசர் அடித்துக் கழுவி நன்றாகக் காய விடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். மிக உயரமான, மிக முன்னால் உள்ள ஈரம்தான் நீங்கள் தேடுவது.

ஓடும்போது மட்டும் ஒழுகினால் ரேடியேட்டருக்குப் போகும் குழாய்களைச் சந்தேகிக்கலாம், அழுத்தம் அங்கே இருக்கிறது. இரவு நிறுத்தி வைத்தால் மட்டும் ஒழுகுகிறதா? நின்ற பிறகு டார்க் கன்வெர்ட்டரில் உள்ள எண்ணெய் மெல்லக் கீழே இறங்கும், பெட்டியில் அளவு உயரும். அப்போது கியர் லீவர் தண்டின் சீல், அடித்தட்டின் கேஸ்கெட் போன்றவை ஒழுகக் காட்டும்.

காரின் அடியில் போகும் முன்

இதை மட்டும் அவசரமாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம். காரோடு வரும் ஜேக் டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் திடீரென்று பிளந்துவிடும். ஆக்சில் ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். மண் தரையில் அல்ல, சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயர்களுக்குக் கட்டை கொடுங்கள். ‘பி’-யில் போட்டிருக்கிறேன் என்பது போதாது. எண்ணெய் சூடாக இருந்தால் கை வெந்துவிடும், ஆற விடுங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

வீட்டிலேயே முடியக்கூடியவை

எளிதானது ரப்பர் குழாய். ரேடியேட்டரின் அடிப்பாகத்திற்குப் போகும் இரண்டு குழாய்களின் நுனி இறுகி வெடித்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். குழாய்க்கு நீளம் இருந்தால் கெட்ட நுனியை வெட்டிவிட்டு மீண்டும் மாட்டலாம், ஆனால் அது சில நாட்களுக்குத்தான். மாற்றும்போது கியர் எண்ணெயைத் தாங்கும் குழாயைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்கான ரேடியேட்டர் குழாயைப் போட்டால் எண்ணெயில் ஊறி, இளகி, நடுவழியில் கழன்றுவிடும்.

வடிகால் போல்ட்டு ஒழுகினால் வாஷரை மாற்றினாலே பெரும்பாலும் நின்றுவிடும். திறக்கும் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுவது நல்லது.

பொறுமை கேட்பது, பட்டறையில் ‘ஆயில் பான்’ என்று சொல்லும் அடித்தட்டு. செம்மண் சாலையில் கல் அடிபட்டு நசுங்கிய தட்டுகள் தோட்டப்புறக் கார்களில் சகஜம். இங்கே பலர் செய்யும் தவறு, ஒழுகுகிறதே என்று போல்ட்டுகளை மேலும் மேலும் முறுக்குவது. சிறிய போல்ட்டுகள் அவை. பல கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கமே போதும், சரியான அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். அதிகம் முறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கும், தட்டின் விளிம்பு துளைகளைச் சுற்றி வளையும், ஒழுகல் கூடும். அலுமினியத்தில் மரை அறுந்தால் அது வேறு கதை.

எண்ணெயை முதலில் முழுவதும் வடித்து, எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்து எழுதி வையுங்கள். தட்டைக் கழற்றி, விளிம்பு வளைந்திருந்தால் மரக்கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்குங்கள். பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள், கத்தி கீறிவிடும். நூல் பிரியும் துணியால் துடைக்காதீர்கள். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் பயமில்லை. இரும்புச் சீவல்கள் இருந்தால் நோய் உள்ளே இருக்கிறது என்று பொருள். திறந்ததோடு வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள். கேஸ்கெட் இருக்கும் இடத்தில் அதன்மேல் சிலிக்கோனையும் அப்புவது கெட்ட பழக்கம். பிதுங்கிய துண்டு உள்ளே விழுந்தால் நுண்ணிய துவாரங்களை அடைக்கும். போல்ட்டுகளைக் கையால் பூட்டி, பிறகு எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

வடிந்த அளவே புது எண்ணெய் ஊற்றுங்கள். கன்வெர்ட்டரில் பழைய எண்ணெய் தங்கியிருப்பதால், முழுக் கொள்ளளவையும் ஊற்றினால் நிரம்பி வழியும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ‘மின்யாக் கியர் ஆட்டோ’ என்று மட்டும் கேட்காமல், கையேட்டில் உள்ள வகையைச் சொல்லுங்கள். 2011-இல் வந்த சாகா எஃப்எல்எக்ஸ் போன்ற சிவிடி கார்களுக்கு வேறு எண்ணெய், மாற்றி ஊற்றவே கூடாது.

அளவு பார்ப்பதும் காருக்குக் கார் மாறும். கார் சூடானதும் லீவரை எல்லா நிலைக்கும் நகர்த்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மிட்சுபிஷி வழி வந்த வீராவில் ‘என்’-னிலும், டொயோட்டா வகைகளில் ‘பி’-யிலும் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாக்களிலோ இன்ஜினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்திற்குள் பார்க்க வேண்டும். குறைந்தால் 100, 200 மில்லியாக ஊற்றுங்கள். கூடிப்போனால் நுரைத்து, காற்றுத் துவாரம் வழியாக வெளியே வரும். அதையும் கசிவு என்று நினைத்துச் சீல் மாற்றியவர்கள் உண்டு.

போர்மேனிடம் விட வேண்டியவை

இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, அடியில் இருந்து சிவப்பாக ஒழுகினால் அது கன்வெர்ட்டர் முன் சீலாக இருக்கும். பெட்டியை இறக்காமல் தொட முடியாது. டிரைவ் ஷாஃப்ட் சீல் மலிவுதான், ஆனால் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். அதில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் ஒழுகும்.

வெளியே சொட்டே இல்லாமல் எண்ணெய் குறைந்து, ரேடியேட்டர் தண்ணீர் இளஞ்சிவப்புப் பால்போல் ஆனால் காரை ஓட்டாதீர்கள், உள்ளே இரண்டும் கலந்துவிட்டன. ரிவர்ஸ் தாமதமாக விழுந்தாலோ, இன்ஜின் கத்தியும் கார் நகராவிட்டாலோ ஓட்டாமல் நிறுத்துங்கள். லாரிமேல் ஏற்றியே பட்டறைக்கு அனுப்புங்கள். முன் டயர் தரையில் உருள இழுத்துப் போனால் பெட்டி மேலும் கெடும்.

ஒழுகலை நிறுத்தும் புட்டி மருந்துகள் இறுகிய ரப்பரைச் சிறிது உப்பச் செய்யும். சம்பளம் வரும்வரை தள்ள உதவலாம். கிழிந்த கேஸ்கெட்டுக்கும் வெடித்த குழாய்க்கும் அதனால் பயனில்லை.

வடித்த எண்ணெயை வேலிக் கம்பத்தில் பூசுவதும் புல்லில் ஊற்றுவதும் கால்வாயில் விடுவதும் நம்மிடையே பழகிப்போன ஒன்று. மழை பெய்தால் அது ஆற்றில்தான் போய்ச் சேரும். கழிவு எண்ணெய் 2005 விதிமுறைப்படி நம் நாட்டில் அட்டவணையிடப்பட்ட கழிவு. மூடியுள்ள போத்தலில் அடைத்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். போர்ச்சில் ஒரு புது அட்டையைப் போட்டு, ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்கள்.