தண்ணீர் கேட்ட லீலாவதி



நம்ம திருப்புட்குழி கோயிலின் தலபுராணம் உங்களுக்குத் தெரியும். சீதையை மீட்கப் போய் இறக்கை வெட்டுப்பட்டு இறந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் இதுதான் என்பார்கள். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மதுரை வில்லாபுரம் லீலாவதி ஞாபகம் வந்துவிடும். இந்த மலரில் அவரைப் பற்றி நாலு வரி எழுத ஆசைப்பட்டேன்.

லீலாவதி கைத்தறி நெசவுக் குடும்பத்துப் பெண். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தாய். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற நமக்குத் தறிக்காரர் பிழைப்பு என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பாட்டுக்கு நடுவிலேயே மாதர் சங்கத்திலும் மார்க்சிஸ்ட் கட்சியிலும் வேலை செய்தார்.

நம்ம உத்திரமேரூர் கல்வெட்டைப் பெருமையாகச் சொல்கிறோம். பராந்தகச் சோழன் காலம், கி.பி. 919, 921. குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியமே இருந்தது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் உறவுக்காரர்களும் வர முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சபையில் உட்கார வரி கட்டும் நிலமும், சொந்த மனையும், வேதப் படிப்பும் வேண்டும். நம்மைப் போன்ற பெண்களுக்கு அங்கே ஏது இடம்?

அந்த இடம் கிடைக்க ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆனது. 1996 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தத் தேர்தலில்தான் லீலாவதி மதுரை மாநகராட்சி கவுன்சிலர் ஆனார்.

வில்லாபுரத்தில் அப்போது குடிதண்ணீருக்குப் பெரும் பாடு. ஜனங்கள் காசு கொடுத்துக் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கினார்கள். லீலாவதி மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று விடாமல் போராடினார். குழாயில் தண்ணீர் வந்தால் குடத்துக்குக் காசு யார் தருவார்கள்? மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று, வீட்டுக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில், தெருவிலேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். கவுன்சிலராகி ஏழு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. கொன்றவர்களுக்குப் பிறகு ஆயுள் தண்டனை கிடைத்தது.

நான் குழுவில் கணக்கு எழுதுபவள். முதல் தடவை கிராம சபையில் எழுந்து, "குடிதண்ணிச் செலவுக் கணக்கைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்று கேட்டபோது கால் வெடவெடத்தது. படித்துக் காட்டினார்கள். வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை நான் கேக்கறேன்டி" என்றார். என் பயம் அவ்வளவு சின்னது. லீலாவதி எதிரே நின்றது கத்தி.

இப்போது உள்ளாட்சியில் பாதி இடம் நமக்கு. நம்ம மாவட்டத்தில் 2021 அக்டோபரில் அப்படித்தான் தேர்தல் நடந்தது. நாற்காலி வந்துவிட்டது, கேள்வியும் கூடவே வர வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்கும் கிராம சபை உண்டு. குழுவுக்கு நாலு பேராவது வாங்க. தண்ணீரைப் பற்றிக் கேளுங்க, கணக்கைக் கேளுங்க. லீலாவதிக்கு நாம் செய்கிற மரியாதை அதுதான்.